கிடைக்கிறதைக் கேட்டவர்

சிங்கராயருக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். “நாங் கேட்டு இல்லன்னு சொன்னவன் ஒருத்தனக் காட்டு பாப்போம்” என்பார். அதில் பொய் இல்லை. அறுபத்திரண்டு வயதுவரை அவர் கேட்டு, இல்லை என்று வந்தது ஒன்றுகூடக் கிடையாது. நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்ததை மட்டும் கேட்கிற மனிதரிடம் எவன் இல்லை என்று சொல்லப்போகிறான்?

திசையன்விளைப் பக்கத்திலிருந்து பத்தாவது பாஸ் பண்ணிவிட்டுத் தாராவிக்கு வந்த புதிதில், பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் உதவியாள் வேலை இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலையும் இருந்தது. பத்தாவது படித்தவர் முதலாவதைக் கேட்டிருக்கலாம். வரிசையில் முன்னால் நின்றவன் எல்லாம் அதையே கேட்கிறான் என்று பார்த்தார். தன் முறை வந்ததும் ஸ்ட்ரெச்சரைக் கேட்டார். கேட்ட வாய் மூடுமுன் கொடுத்துவிட்டார்கள். அந்த உதவியாள் வேலைக்கு ஆள் தேறாமல் இரண்டு இடம் காலியாகவே கிடந்த விஷயம் பிறகு தெரிந்தது. அதற்காக அவர் ஒரு பெருமூச்சு விட்டதாகக்கூடத் தகவல் இல்லை. முப்பத்து நாலு வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். வார்டில் எல்லோருக்கும் அவர் ‘மாமா’. பம்பாய் ஆஸ்பத்திரிகளில் வார்டு ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குடிசையை இடித்து மாடி வீடு கட்டிக் கொடுத்தபோது காற்று வருகிற பக்கத்துக்கு அடிதடி நடந்தது. இவர் லிஃப்ட் மோட்டாரை ஒட்டிய வீட்டைக் கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் சுவரில் மாதா படம் கிடுகிடுவென்று ஆடும். பெண் பார்த்த கதையும் இதே லட்சணம்தான். கிளாரா என்று ஒருத்தி, நல்ல நிறம், டீச்சருக்குப் படித்தவள். அவளுடைய சித்தப்பா மகள் ஏஞ்சலம்மாள். சிங்கராயர் ஏஞ்சலம்மாளைக் கேட்டார்.

“கிளாராவக் கேட்டா தர மாட்டாவன்னுதான என்னயக் கேட்டிய?” என்று ஏஞ்சலம்மாள் இன்றைக்கும் கரண்டியும் கையுமாக நின்று கேட்பாள்.

“கெடைக்கதக் கேட்டா, கேட்டது கெடைக்கும்ட்டி” என்பார் அவர். அதுதான் அவருடைய வேதவாக்கு. அப்படிச் சொன்னால் கட்டிய பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

இவர்களுக்கு ஒரே மகள் சுனிதா. ஏழு வயதில் அவளுக்கு டெங்கு வந்து, அப்பாவின் ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் வார்டில் கிடந்தாள். அங்கே ஒரு ரெசிடெண்ட் டாக்டர், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, வார்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு மேல்படிப்புப் படிக்கிற பெண். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தவள், சுனிதாவின் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைச் சரிபார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் சுனிதாவின் தட்டில் இரண்டு பாவ் ரொட்டி இருந்தது. “ஏக் மேரேகோ தேகீ?” என்று கேட்டாள். எனக்கு ஒண்ணு தருவியா என்று ஒரு டாக்டர் தன்னிடம் கேட்கிறாள்! சுனிதா இரண்டையும் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்த ஆசை. குழந்தைகளுக்குப் பார்க்கிற டாக்டராக வேண்டும், அதுவும் அந்த வார்டில். வேறு எதையும் அவள் ஆசைப்பட்டதில்லை.

டாக்டரும் ஆகிவிட்டாள். கட்டாயக் கிராமசேவையை முடித்துவிட்டு, செம்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தாள். டியூட்டி போக மீதி நேரமெல்லாம் படிப்பு. மேல்படிப்புக்கு எழுதுகிற நீட் பி.ஜி. தேர்வை இரண்டு முறை எழுதி, ரேங்க் போதாமல், கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள். வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இந்தக் காலத்தில் என்ன மரியாதை? பக்கத்து வீட்டுப் பூமாரி, பிள்ளைக்கு இருமல் என்று வந்து மருந்து எழுதி வாங்கிக்கொண்டு, போகிற போக்கில், “நல்ல டாக்டர் யார்ட்டயாவது காமிக்கணும், யாரு இருக்கா சுனிதா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். சுனிதாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. இருபத்தெட்டு வயதில் அவள் முகத்தில் ஐம்பது வயதுக் களைப்பு ஏறியிருந்தது.

மூன்றாம் முறை எழுதியதில் ரேங்க் வந்தது. ஓகோ என்றும் இல்லை, மோசமும் இல்லை. போன வருஷக் கணக்கை வைத்துப் பார்த்தால், அப்பாவின் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவம், அவர்கள் சொல்கிற பீடியாட்ரிக்ஸ், கிடைத்தாலும் கிடைக்கும், கை நழுவினாலும் நழுவும். பெத்தாலஜி என்றால் பம்பாயிலேயே ஒரு கல்லூரியில் கட்டாயம் கிடைக்கும். பெத்தாலஜியில் நோயாளியைப் பார்க்கிற வேலை கிடையாது. ரத்தத்தையும் சதைத் துணுக்கையும் கண்ணாடியில் வைத்துப் பார்த்து நோயைச் சொல்கிற வேலை.

எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வேண்டியதை ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டால் பூட்டியதுதான். கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கராயரும் ஏஞ்சலம்மாளும் பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, சுனிதா இரவு டியூட்டி முடிந்து வந்த உடுப்போடு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் பின்னால் போய் நின்றார்.

“மொதல்ல என்ன போட்டிருக்க?”

“பீடியாட்ரிக்ஸ். உங்க ஆஸ்பத்திரி.”

“பெத்தாலஜி?”

“கீழ இருக்குப்பா. பத்தோ பதினொண்ணோ.”

சிங்கராயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? மேல உள்ளத ஒவ்வொண்ணா இல்ல இல்லன்னு சொல்லிட்டு அவன் கீழ வாரதுக்குள்ள, பெத்தாலஜிய மொதல்ல கேட்டவன் தூக்கிட்டுப் போயிருவாம்லா? வரிசையில நின்னவன் சொல்லுதேன், கேளு.”

“அப்படி இல்லப்பா. கம்ப்யூட்டர்ல…”

“கம்ப்யூட்டர மட்டும் மனுசன் செய்யாம மாடா செஞ்சிச்சு? ரெண்டு வருசம் வெறுங்கையோட நின்னது போதாதா? பறக்கதுக்கு ஆசப்பட்டு இருக்கதக் கைவிடாத. உறுதியா கெடைக்கத மேல போடு.”

சுனிதா விதிமுறையை ஒருமுறை படித்திருந்தாள். ஆனால் தேர்வு எழுதியவர்களின் ஃபோன் குழுவில் பாதிப் பேர் அப்படி என்றார்கள், பாதிப் பேர் இப்படி என்றார்கள். தூக்கம் இல்லாத கண்ணுக்கு எழுத்து தெரிந்தது, பொருள் ஏறவில்லை. அதற்கும் மேலே ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. இதுவும் போய்விட்டால் நாலாவது முறை படிக்க அவளிடம் உயிர் இல்லை. பயந்தவளுக்கு அப்பா சொல்வதே சட்டம் மாதிரி இருந்தது.

“பஸ் ப்பா, போதும். ஜக்டா வேணாம், சண்ட போடத் தெம்பு இல்ல” என்று சொல்லிவிட்டு, பெத்தாலஜியை இழுத்து மேலே வைத்துப் பூட்டினாள். அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். சிங்கராயர் ஒரு போர்வையை எடுத்து அவள் காலில் போட்டார். பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவருக்கு.

பெத்தாலஜி கிடைத்தது. கிடைக்காமல் எங்கே போகும்? சுனிதா ஃபோனைக் காட்டியதும் சிங்கராயர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு ஓடி மோத்தி லட்டு வாங்கிவந்தார். மாடி மாடியாகக் கதவைத் தட்டினார். “நாந்தாம் சொன்னேன், மொதல்லயே இதப் போடுன்னு. போட்டா. கெடச்சிட்டு” என்று எல்லா வாசலிலும் ஒரே பேச்சு. பூமாரி இரண்டு லட்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு லட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனார். அங்கே வைத்தீஸ்வரன் இருக்கிறார். அதே ஆஸ்பத்திரி ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சிங்கராயரின் பென்ஷன் பேப்பர்களை மேஜை மேஜையாக நகர்த்திக் கொடுத்த புண்ணியவான். அவர் மகள் ஸ்மிதாவும் இந்த வருஷம் அதே தேர்வை எழுதியிருந்தாள்.

“வாங்கோ சிங்கராயர், நானே ஃபோன் பண்ணணும்னு இருந்தேன்” என்றார் வைத்தீஸ்வரன். “நம்மாத்துலயும் ஸ்வீட்தான். ஸ்மிதாவுக்கு நம்ம ஆஸ்பத்திரியிலேயே பீடியாட்ரிக்ஸ் கெடச்சுடுத்து.”

சிங்கராயருக்கு உண்மையிலேயே சந்தோஷம். டாக்டர் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டார். “என்ன ரேங்க் சார்?”

வைத்தீஸ்வரன் சொன்னார். மகளின் ரேங்க்கை சிங்கராயர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஸ்மிதா சுனிதாவுக்குச் சில நூறு பேர் பின்னால் இருந்தாள்.

“சார், அது நம்ம சுனிதாவுக்குப் பின்னாலல்லா வருது? ரெண்டு பிள்ளையளும் ஓபன்தான, கோட்டா ஒண்ணும் இல்லல்லா?”

“ஆமா. ஏன், சுனிதா பீடியாட்ரிக்ஸை மேலே போடலையா?”

“மேல அதப் போட்டா கீழ உள்ளது போயிரும்லா சார்?”

“யார் சொன்னா உங்களுக்கு?” வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். “ரேங்க் படி ஒவ்வொருத்தரா எடுத்துக்கும். உங்க முறை வந்தா, நீங்க எழுதினதை மேலேருந்து பாத்துண்டே வரும். காலியா இருக்கறதுல எதை நீங்க மேலே கேட்டிருக்கேளோ, அதைக் கொடுத்துடும். உங்களுக்குப் பின்னால இருக்கறவா எவ்வளவு மேலே போட்டிருந்தாலும் உங்களை முந்திண்டு எடுத்துக்க முடியாது. ஆசைப்பட்டதை மேலே போடறதுல ஒரு நஷ்டமும் இல்லை. அழற குழந்தைக்குத்தானே பால்?”

வெள்ளை மனசோடு சொல்லிவிட்டு, எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவர் மனைவி ஷ்யாமளா காப்பி கொண்டுவந்து வைத்தாள். சிங்கராயர் அதைச் சூடு தெரியாமல் ஒரே மடக்கில் குடித்தார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை” என்றார் வைத்தீஸ்வரன் மெதுவாக. “ஸ்மிதா இத்தோட நிக்கப்போறதில்லை. அவளுக்கு ஸ்கின் படிக்கணும், தோல் டாக்டர் ஆகணும். ரெண்டாவது ரவுண்டுல அதைக் கேக்கப்போறா. கெடச்சா இந்த இடம் காலியாகும். சுனிதாவையும் கேக்கச் சொல்லுங்கோ. கேட்டது கெடச்சா பழையது போயிடும், கெடைக்கலேன்னா கையில இருக்கறது அப்படியே இருக்கும். மூணாவது ரவுண்டும் இருக்கு.”

சிங்கராயர் பஸ் ஏறவில்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிவரை நடந்தே வந்தார். எத்தனையோ தகப்பன்மார் கெஞ்சக் கேட்டு, எவர் வீட்டுப் பிள்ளைகளையோ ஓட்டமாக ஓடி வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்த கை. சொந்தப் பிள்ளை அந்த வார்டுக்குப் போகிற வழியில் குறுக்கே படுத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. உனக்கெதற்கடா அந்த வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். படிக்கட்டில் பூமாரி எதிரே வந்து, “லட்டு நல்லா இருந்திச்சு மாமா” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறிப்போனார்.

சுனிதா அப்போதுதான் செம்பூரிலிருந்து வந்து சோற்றில் கை வைத்திருந்தாள். ஏஞ்சலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஸ்மிதாவுக்கு நம்ம ஆஸ்பத்திரியாம்ட்டி. பீடியாட்ரிக்ஸ்.”

“தெரியும்ப்பா.”

“ஒனக்குப் பின்னால உள்ள ரேங்க்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“ரிசல்ட் வந்தப்பவே. லிஸ்ட்டுல எல்லாருதும் இருக்குமே.”

“ஏன் சொல்லல?”

சுனிதா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “நீங்க லட்டு வாங்கப் போயிருந்திய” என்றாள்.

சிங்கராயர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் லிஃப்ட் மோட்டார் இரைந்து ஓய்ந்தது. அவர் முகத்தைப் பார்க்கச் சுனிதாவுக்கே பொறுக்கவில்லை. “நானும்தாம்ப்பா பயந்தேன். நீங்க சொன்னதால மட்டும் இல்ல” என்றாள். “சோடோ, விடுங்க. பெத்தாலஜியும் நல்ல படிப்புதான். மனுசியாட்டம் தூங்கலாம்.”

திட்டியிருந்தால்கூட அவருக்கு இத்தனை வலித்திருக்காது.

“ரெண்டாவது ரவுண்டு இருக்காம். கேளுட்டி.”

“வேணாம்ப்பா. தக் கயீ மே, அசந்துபோயிட்டேன். கேக்கணும், காத்துக் கெடக்கணும், திரும்ப லிஸ்ட்டப் பாக்கணும்… முடியல.”

ஏஞ்சலம்மாள் குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள். “ஒங்கப்பா கேக்கப் பயந்த மனுசன், ஊருக்கே தெரியும். கெடைக்கும்னு கேட்டு வாங்குன பொருளு நான். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. அந்தப் பெத்தாலஜிக்கும் வாய் இருந்தா சொல்லும். நீ ஆசப்பட்டதக் கேளு.”

முப்பது வருஷமாகக் கேலி என்று நினைத்துக்கொண்டிருந்தது கேலி இல்லை என்பது அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பெத்தாலஜி கல்லூரியில் சேருகிற நாளில் அவரும் கூடப் போனார். சான்றிதழ்களைச் சரிபார்த்த கிளார்க், அடுத்த ரவுண்டில் வேறு இடம் கேட்கப்போகிறாயா என்பதை இப்போதே சொல்ல வேண்டும் என்றார். “அப்கிரேட் சாஹியே?”

சுனிதா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கிளார்க் மறுபடி கேட்டார். அப்போது, எந்த ஜன்னலிலும் வாயைத் திறந்து பெரிதாக ஒன்றைக் கேட்டிராத சிங்கராயர், மகளின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

“ஹாங் சாப். மாங்தா ஹை.”

வேண்டும் என்று கேட்ட குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிளார்க் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, “படிக்கப்போறது யாரு, நீங்களா?” என்று இந்தியில் கேட்டார். சுனிதா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. “மேரேகோ மாங்தா ஹை” என்று, வேண்டியது தனக்குத்தான் எனச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது ரவுண்டுக்கு அவள் ஒரே ஒரு இடத்தைத்தான் போட்டாள். அப்பாவின் ஆஸ்பத்திரி, பீடியாட்ரிக்ஸ். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்தப் பயத்தோடுதான் சிங்கராயர் நாட்களைத் தள்ளினார். தினமும் கோயிலுக்குப் போனார். அங்கேயும் என்ன கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

ரிசல்ட் வந்த சாயங்காலம், சாயாவும் இரண்டு பாவும் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுனிதா கல்லூரியிலிருந்து வந்தாள். முதல் வருஷ ரெசிடெண்ட் வேலை தொடங்கிவிட்டது. பையை இறக்காமலே ஃபோனை அவரிடம் நீட்டினாள்.

“இல்லப்பா. ஸ்மிதாவுக்கு ஸ்கின் கெடைக்கல. அவ அங்கயேதான் இருக்கா.”

“இல்லன்னுட்டானா?”

“இல்லன்னுட்டான்.”

சிங்கராயர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் அவர் வாழ்நாளெல்லாம் ஸ்ட்ரெச்சர் தள்ளினார், மோட்டார் இரைச்சலில் குடியிருந்தார், கட்டியவளை முப்பது வருஷம் நோகடித்தார், மகளின் ஆசையைக் கீழே இழுத்துப் போட்டார். அது இப்போது வந்தேவிட்டது. என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தார். லிஃப்ட் மேலே போனது. மாதா படம் ஆடி நின்றது. அடுப்படியில் ஏஞ்சலம்மாள் உலையில் அரிசி போட்டாள்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதாம்ப்பா.”

“இதுக்காட்டி நான் இத்தன வருசம் பயந்து கெடந்தேன்?”

அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். “மூணாவது ரவுண்டு இருக்குல்லா? அதுலயும் கேளு. அதயே கேளு.”

“கேக்கேம்ப்பா” என்றாள் சுனிதா. பையை இறக்கிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட அவளுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு தருவியளா?” என்று கேட்டாள்.

சிங்கராயர் இரண்டு பாவையும் அவள் கையில் வைத்தார்.